இரண்டு ரப்பர் வளையங்கள்

கல்யாணமான நாளிலிருந்தே என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. எனக்கு இவரைப் பிடிக்கும். பிடித்துத்தான் கட்டிக்கொண்டேன். ஆனால் இவர் நெருங்கி வரும்போது உள்ளே ஏதோ ஒன்று தானாக இறுகி மூடிக்கொள்ளும். சாதாரண வலி இல்லை, மூச்சே நின்றுவிடுகிற வலி. இவர் பயந்துபோய் விலகிவிடுவார். பிறகு, மழையில் நனைந்த துணியை எடுக்க மறந்துவிட்டோம், நாளைக்குக் கடைக்குச் சீமெந்து வருகிறது என்று சம்பந்தமில்லாத எதையாவது பேசிக்கொண்டிருப்போம்.

இவருக்குப் பெல்மதுளைச் சந்திக்குப் பக்கத்தில் ஹார்ட்வெயார் கடை. மாமனார் காலத்திலிருந்து நடக்கிற கடை. நான் கலவானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, டவுனிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்திலுள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டே இருக்கிற வேலை. அதனால் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் உனக்கு எப்போ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

கடைசியில் இரத்தினபுரியில் ஒரு பெண் டொக்டரிடம் போனோம். சிங்களவர். என்னிடம் சிங்களத்திலேயே பேசினார். சோதிக்க வந்தபோது நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன். "பயவென்ன எபா" என்று என் முழங்காலைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். பயப்படாதே என்று ஒருவர் சொன்னதும், சொல்லிவிட்டு உண்மையாகவே நிறுத்தியதும் எனக்குப் புதிதாக இருந்தது. அழுதுவிட்டேன்.

இது நிறையப் பெண்களுக்கு இருக்கிறது என்றார். எப்படி நெகிழ வைப்பது என்று சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தார். அது மெதுவாகத்தான் சரியாகுமாம். எங்கள் இரண்டு பேருடைய பரிசோதனைகளும் நன்றாகவே இருந்தன. பிள்ளைக்காக அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று சொல்லி, ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக் காட்டினார். இவருடையதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, இதில் உறிஞ்சி, நான் படுத்தபடி மெதுவாக உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான். சிரிஞ்ச் மெல்லியது என்பதால் அதை என்னால் தாங்க முடியும் என்றார். எந்த நாட்களில் செய்ய வேண்டும் என்றும் விளக்கினார்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். பாதி வழி தாண்டிய பிறகு இவர் கேட்டார்.

"அப்ப அது நம்ம புள்ளதானே?"

"வேற யாரோட புள்ள? உங்களோடதத்தானே கிண்ணத்துல எடுக்கப் போறோம்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. என் மனதிலும் அதே குழப்பம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெல்மதுளைப் பாமசியில் மாதாமாதம் போய் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்க இவருக்கு வெட்கம். பாமசிக்காரர் எங்கள் கடையில் பெயின்ட் வாங்குகிறவர். அதனால் திரும்பத் திரும்பப் பாவிக்கக்கூடிய செட் ஒன்றை ஒன்லைனில் தேடிப் பிடித்து, கொழும்பிலிருந்து வரவழைத்தார். ஒரு சின்ன நீலப் பை. உள்ளே கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு குழாய், அதைத் தள்ளுகிற தண்டு, தண்டின் நுனியில் ஒரு ரப்பர் வளையம், குழாயின் முன்னால் மாட்டுகிற மெத்தென்ற சிலிக்கன் முனை, மூடியோடு ஒரு கிண்ணம். ஆங்கிலத்தில் ஒரு துண்டுத் தாள். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவலாம், தேய்ந்துபோகிற பாகங்களை மட்டும் புதிதாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

முதல் தடவை இவர் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கோயில் பிரசாதம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உடம்பு நெகிழ்ந்தது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். வலி இருந்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. முடிந்த பிறகு இவர் என் தலைமாட்டில் உட்கார்ந்து, "சரியா வந்துச்சா?" என்று கேட்டார். எதை வைத்துச் சரி என்று சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

பிள்ளைக் காம்பராவில் பால் போத்தல்களைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்துப் பழகிய கை என்னுடையது. இந்தச் செட்டையும் அதே மாதிரிக் கொதிக்க வைத்தேன். தண்டு இறுக்கமாக இருக்கிறது என்று இவர் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினார். இரண்டும் செய்யக்கூடாதாம். தாளில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அதற்குள் வளையம் ஊதி மெழுகு மாதிரி ஆகிவிட்டது. தண்டைத் தள்ளினால் முதலில் அசையாது, பிறகு ஒரே பாய்ச்சலில் போகும். சிலிக்கன் முனை மங்கி, ஓரத்தில் மயிரிழை போல் வெடிப்பு விட்டிருந்தது.

இவர் கடைக்காரர் அல்லவா, மறுநாளே ஒரு தீப்பெட்டிக்குள் நாலைந்து கறுப்பு வொஷர்களைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இது தண்ணி பில்டர்ல போடுறது. குடிக்கிற தண்ணிக்குப் பாவிக்கிறதுதான். ஒண்ணும் ஆகாது."

எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். டயர் வாசம் அடித்தது.

"நீங்க வேணும்னா குடிங்க. எனக்குள்ள இது போகாது."

"சைஸ் சரியா இருக்கு புள்ள."

"சைஸ் சரியா இருந்தா எல்லாம் சரியா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரால் செய்ய முடிந்ததைத்தான் செய்தார். பைப் ஒழுகினாலும் டேப் ஒழுகினாலும் வொஷர் மாற்றிச் சரிசெய்யத் தெரிந்த மனுஷன். பாவமாக இருந்தது. ஆனாலும் வொஷர்கள் தீப்பெட்டியோடு கடைக்கே திரும்பிப் போயின. மாற்றுப் பாகங்களுக்குக் கொழும்பில் ஓடர் கொடுத்தோம். ஸ்டொக் இல்லை, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

அந்த இடைவெளியில்தான், எங்களோடு இருக்கிற இவருடைய அம்மா, மாமி, அதைக் கண்டெடுத்தார்.

புது முனை வரட்டும் என்று பழையதைக் கழுவி, ஜன்னல் கட்டையில் கைக்குட்டை விரித்துக் காய வைத்திருந்தேன். எங்கள் அறைக்குள் மாமி வருகிறவரில்லை. அன்றைக்கு மழை அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்த வந்திருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்து குடையை மடக்குவதற்குள் கையில் அதோடு குசினி வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏன் புள்ள, என்கிட்டக் கூடவா சொல்லக்கூடாது?"

"என்ன மாமி?"

"சூப்பிய வாங்கி ஒளிச்சு வச்சிருக்க. நாள் ஆகட்டும்னு பார்க்கிறியா? சரி சரி, நானும் யார்கிட்டயும் சொல்லல."

பார்த்தால் சூப்பி மாதிரியேதான் இருந்தது. பால் போத்தலில் மாட்டுகிற சூப்பி.

"அது வேலை செய்ற இடத்துல உள்ளது மாமி. பையில மாறி வந்துருச்சு."

"ஆமா ஆமா, மாறித்தான் வந்திருக்கும்" என்று சொல்லி, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். என் பொய்யை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இவரிடம் சொன்னேன். இவர் தலையில் கை வைத்தார். உடனே போய் இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார். சொன்னால், அப்படியென்றால் அது என்ன என்று கேட்பாரே என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்றார். நாளை வந்தபோது, வெள்ளிக்கிழமை கழியட்டும் என்றார். இப்படியே நாட்கள் போயின. மாமி என்னைத் தண்ணீர் வாளி தூக்க விடவில்லை. பப்பாசி வாங்கி வந்த இவரைத் திட்டினார். யாரிடமும் சொல்லவில்லை என்றவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் வெரளுக்காய் அச்சாறு நீட்டினார். மசக்கைக்காரிக்குப் புளிப்பும் காரமும் பிடிக்கும் என்று. வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கிச் சாப்பிட்டேன். கிண்ணம் காலியாகும் வரைக்கும் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது. அதை நினைத்து இரவெல்லாம் எனக்கு என்னமோ போல் இருந்தது. இல்லாத பிள்ளைக்கு வந்ததை நான் ஏன் அப்படித் தின்றேன்? எங்கேயாவது ஒரு மூலையில் எனக்கும் அது உண்மையாக இருந்ததா? சில நேரம் குமட்டுவது போலக்கூட இருந்தது. அது அச்சாறாலா, பயத்தாலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு மாதவிலக்கு வந்தது. துணியை மாமி பார்க்காமல் துவைக்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒளித்துத் துவைத்தது அந்த ஒரு தடவைதான்.

மாற்றுப் பாகங்கள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் வந்து சேர்ந்தன. மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், இவர் கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவர், கை கழுவாமலே பையைப் பிரித்தார். ஒரு சிலிக்கன் முனை. இரண்டு வளையங்கள். ஒன்று மெல்லியது, நிறமில்லாதது. இன்னொன்று தடித்தது, லேசான நீலம்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வளையம். அதுவும் ஊதிப்போய் எந்த அளவு என்றே தெரியாமல் இருந்தது. தாளில் போட்டிருந்த படத்திலும் ஒரே ஒரு வளையம்தான்.

"தடிச்சதுதான்" என்றார் இவர். "ஏழெட்டு மாசம் தாங்க வேணாமா?"

"மெல்லிசா இருக்கிறதுதான். பழசும் முதல்ல மெல்லிசா, கண்ணாடியா இருந்துச்சு."

"உனக்கு ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன். உண்மையில் ஞாபகம் இல்லை.

குசினி பேசினுக்கு மேலே வைத்துச் சோதித்துப் பார்த்தோம். மெல்லியதைத் தண்டில் மாட்டித் தண்ணீர் இழுத்தால் பாதி பின்பக்கமாக ஒழுகியது. தடித்ததை மாட்டினால் தண்ணீர் ஒழுகவில்லை. ஆனால் தண்ணீரும் அதுவும் ஒன்றா? அடுப்பில் காலைக் கஞ்சி மிச்சம் இருந்தது. அதை இழுத்துப் பார்க்கலாம் என்று இவர்தான் சொன்னார். இழுத்தது. தள்ளும்போது கஞ்சி முனையால் வருவதற்கு முன்னாலேயே, முனை குழாயோடு சேருகிற இடத்தைச் சுற்றி வழிந்து என் விரல்களில் இறங்கியது. இவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். முனை கழன்று பறந்து, சட்டைக் கை முழுக்கக் கஞ்சி.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சட்டையை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கழன்ற முனையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் உட்பக்கத்தில் ஒரு பள்ளம், வட்டமாக.

"இங்க ஒண்ணு வரணும் புள்ள" என்றார்.

மெல்லிய வளையத்தை அந்தப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. தடித்தது தண்டுக்கு, மெல்லியது முனைக்கு. இரண்டும் ஒரே செட்டுக்குத்தான். மறுபடி கஞ்சியை இழுத்துத் தள்ளினோம். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நூல் பிடித்தது போல் முனையால் வந்தது.

பழைய முனையையும் எடுத்துப் பார்த்தோம். அதிலும் அதே பள்ளம் இருந்தது. வளையம் இல்லை. வந்தபோதே இல்லையா, முதல் தடவை கழுவும்போது என் கையாலேயே பேசினுக்குள் போய்விட்டதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்படியென்றால் இத்தனை மாதமும் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வழிந்தது எவ்வளவு? ஒவ்வொரு மாதமும் அழுதது எதற்கு? ஒரு ரப்பர் துண்டுக்கா? நிம்மதிப்பட வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. கொழும்புக்குப் போன் பண்ணி இவர் கேட்டார். வெளிநாட்டிலிருந்து வருவதை அப்படியே அனுப்புகிறோம், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்றார்கள். இரத்தினபுரி டொக்டரைக் கேட்டபோது, ஒழுகியிருந்தாலும் கொஞ்சம் போயிருக்கும், போயிருந்தாலும் எல்லா மாதமும் தங்காது, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நியாயமான பதில்தான். எனக்குத்தான் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மாமியிடம் சொல்லாமல் இருப்பது அதற்கு மேல் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வாளியைத் தூக்கப் போக, மாமி ஓடிவந்து பிடுங்கினார்.

"மாமி, விடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அது சூப்பி இல்ல."

மாமி வாளியைக் கீழே வைத்தார். சொன்னேன். எதையும் விடாமல், ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டொக்டர், கிண்ணம், சிரிஞ்ச், எல்லாம். மாமி முதலில் கேட்டது நான் எதிர்பார்த்ததுதான்.

"என் மகனுக்கு ஏதும் கொறையா?"

"இல்லங்க மாமி. எனக்குத்தான். எனக்கு வலிக்குது. முடியல."

மாமி தண்ணீர்ப் பைப்பை மூடினார். சேலை முந்தானையில் கை துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் வலிச்சுச்சு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மூணு புள்ள பெத்தும் வலிச்சுச்சு. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். யார்கிட்டக் கேக்கிறது? ஒங்க மாமாகிட்டயா?" முந்தானையை உதறி விட்டார். "வலிச்சா நிப்பாட்டிருவானா என் மகன்?"

"நிப்பாட்டிருவாங்க மாமி."

"ம்" என்றார். அது சந்தோஷமா, வேறெதுவுமா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. மகனை மெச்சினாரா? செத்துப்போன மாமாவை நினைத்தாரா? என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாரா? இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வாளியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். நான் இரண்டடி போன பிறகு பின்னாலிருந்து கேட்டார்.

"இப்பப் புது ரப்பர் போட்டாச்சா?"

"போட்டாச்சு மாமி."

"சரியா இறுகுதா பாத்துக்க."

பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அந்த அம்மா ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கினார். கலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. நான் திருத்தவில்லை. எங்கிருந்து தொடங்கித் திருத்துவது?

புது வளையங்களோடு செய்த முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது இடி விழுந்தது போல் இருந்தது. வளையம்தான் காரணம் என்று மனது ஏற்கனவே முடிவு கட்டியிருந்தது. அடுத்த மாதமும் இல்லை. இவர் பாகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், பள்ளத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பதுமாக இருந்தார். இதற்கிடையில் டொக்டர் சொன்ன பயிற்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகூடியது. வலி போய்விடவில்லை. ஆனால் ஒரு நாள், நல்ல மழைக்காலம், கடைக்கு லீவு, சிரிஞ்ச் இல்லாமலே பாதி வரைக்கும் முடிந்தது. பாதி என்றுதான் சொல்ல முடியும். நான் போதும் என்றதும் இவர் நிறுத்தினார். அதற்கு இரண்டு நாள் கழித்து, டொக்டர் சொன்ன கணக்குப்படி சிரிஞ்சும் பாவித்தோம்.

அந்த மாதம் தள்ளிப்போனது.

பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது குமட்டியது. பழைய ஞாபகத்தில் நான் அதை நம்பவில்லை. டெஸ்டில் இரண்டு கோடு வந்தபோதும் நம்பவில்லை. மாமியிடம் சொன்னபோது அவரும் நம்பவில்லை. "டொக்டர் சொன்னாங்களா?" என்று மூன்று தடவை கேட்டார். ஸ்கேனில் துடிப்பு தெரிந்த பிறகுதான் கற்பூரம் ஏற்றினார்.

மகள் ஒப்பரேஷன் செய்துதான் பிறந்தாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கடையில் பைப் மூட்டுகளை உருட்டி விளையாடுகிறாள். இவரைக் கேட்டால் வளையம் சரியாக இருந்ததால் என்பார். மாமியைக் கேட்டால் கோயிலுக்கு வைத்த நேர்த்தி என்பார். பாதி வரைக்கும் முடிந்த அந்த நாள்தானோ என்று எனக்குத் தோன்றும். அடுத்த நிமிடமே, இல்லை, சிரிஞ்ச்தான் என்று தோன்றும். டொக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். அவர் சிரித்தார். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று திருப்பிக் கேட்டார்.

போன மாதம் இவர் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது நீலப் பையை எடுத்தார். வளையங்கள் காய்ந்து ஒட்டிப்போயிருந்தன. வீசிவிடவா, புதிது ஓடர் பண்ணவா என்று கேட்டார். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஆசைதான். இதெல்லாம் இல்லாமலே முடியுமோ என்றும் ஒரு எண்ணம். அப்படி நம்பி ஏமாந்தால் என்ன செய்வது என்றும் ஒரு எண்ணம். மகள் வந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டு நின்றாள். இவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்தார்.

"இப்ப உள்ளுக்கு வைங்க" என்றேன். "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

சாப்பிட்டோம். அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.